மார்க் பிரெஞ்சு

ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளவே கூடாது என்று யாராவது முடிவு செய்துவிட்டால், அவருக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். பிளஸ் ஒன்னில் அதை மொழிப்பாடமாக எடுத்துவிடுங்கள். இரண்டு வருடம் வகுப்பில் உட்காரலாம், பரீட்சை எழுதலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கலாம். மொழி மட்டும் கிட்டேயே வராது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சென்னையில் பதினோரு வருடமாக பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நான்கு வருடம் ஒரு தனியார் பள்ளியில், அதன்பிறகு மாலை வகுப்புகளில். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முன்பு பிரெஞ்சு படித்ததுண்டா என்று கேட்பேன். பாதிப் பேர் கொஞ்சம் இழுத்துவிட்டு, "பிளஸ் டூல எடுத்தேன் மேடம், காலேஜ்லயும் எடுத்தேன், ஆனா ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்பார்கள். ஞாபகம் இல்லை என்பது நாகரிகமான சொல். ஞாபகம் வைத்துக்கொள்ள அங்கே எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதுதான் விஷயம். ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பள்ளியில் இரண்டு வருடம், கல்லூரியில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தவர்கள் என்னிடம் வந்து உட்காருவது ஏ1-இல். அதாவது, தரையில். பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர் வாழ்நாளில் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் கேட்டிராதவர். மூன்றாவது வாரம் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது அயோக்கியத்தனம். பதினைந்து வயதுப் பிள்ளை எந்த மொழியை எடுப்பது என்று தானாக முடிவு செய்வதில்லை. பள்ளி செய்கிறது, பெற்றோர் செய்கிறார்கள், டியூஷன் வாத்தியார் செய்கிறார். அவர்களிடம்தான் என் சண்டை.

*

"பிரெஞ்சு ஸ்கோரிங் சப்ஜெக்ட்" என்பது எல்லோரும் சொல்லும் காரணம். சரி, அந்த மார்க் எங்கே போகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் இருநூறுக்குக் கணக்கிடப்படுகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிப்பாடத்துக்கு அதில் இடமே இல்லை. மருத்துவத்துக்கு நீட். அங்கேயும் பிரெஞ்சு மார்க்கை யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியென்றால் அந்தத் தொண்ணூற்றெட்டு யாருக்காக? பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனருக்காக. மொத்த மதிப்பெண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு, பிள்ளையின் படத்தைப் பக்கத்தில் ஒட்டி, அடுத்த வருட அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க.

பேனர் கூட இரண்டாவது காரணம்தான். முதல் காரணத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொல்வார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் சொன்னார்கள்: "தமிழ் எடுத்தா செய்யுள், இலக்கணம், கட்டுரைன்னு நேரம் போயிடும். பிரெஞ்சுன்னா கடைசி ஒரு மாசம் பார்த்தா போதும். மேத்ஸ், பிசிக்ஸுக்கு டைம் கிடைக்கும்." கவனியுங்கள், பிரெஞ்சை எடுக்கச் சொல்வது பிரெஞ்சு படிக்க நேரம் ஒதுக்க வேண்டாம் என்பதற்காக. உலகத்தில் எந்த மொழிக்கும் இப்படி ஒரு அவமானம் நடந்திருக்காது. ஒரு மொழியை வெறுத்து ஒதுக்குவது கூட ஒருவகை மரியாதை. இது காலி டப்பாவாகப் பயன்படுத்துவது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. மாநில அளவில் பிளஸ் டூ ரேங்க் அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில், தமிழை மொழிப்பாடமாக எடுத்து முதலிடம் வந்தவர்கள் என்று ஒரு பட்டியலும், பிற மொழிகளை எடுத்தவர்களுக்குத் தனிப் பட்டியலும் போடுவார்கள். ஏன் தனியாகப் போட வேண்டியிருந்தது? பிரெஞ்சிலும் சமஸ்கிருதத்திலும் கொட்டுகிற மார்க்கைத் தமிழ் எடுத்தவரின் மார்க்கோடு ஒரே தராசில் வைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2017-இல் ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. பழக்கம் நிற்கவில்லை. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரைதான் தமிழைக் கட்டாயமாக்கியது. சட்டம் முடிகிற அந்தப் படியில்தான் பிரெஞ்சு கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை முடிந்த அன்று ஒரு பிள்ளை தமிழை மூடி வைக்கிறது. அதற்குப் பதிலாக பிரெஞ்சு வந்திருந்தால் கூட ஒரு ஆறுதல் இருக்கும். எதுவும் வருவதில்லை. ஒரு மொழி போகிறது, இன்னொரு மொழி வராமல் இருக்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "லாங்குவேஜ் சாய்ஸ்".

*

வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் பார்த்தவரை பள்ளி பிரெஞ்சு என்பது ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு. பாடத்தை வாத்தியார் வாசிப்பார், ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்வார், பிள்ளைகள் அந்த ஆங்கிலத்தை எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்வது அந்த ஆங்கிலப் பத்தியைத்தான். பிரெஞ்சில் முதல் வரியைப் பார்த்தால் இது எந்தப் பாடம் என்று அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கப்புறம் கை தானாக ஆங்கிலத்தில் எழுதும். வினைச்சொல் வாய்ப்பாடுகளைச் சிவன் கோயில் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். வாய் திறந்து ஒரு காபி கேட்கச் சொன்னால் முடியாது.

ஒரு சின்ன உதாரணம். பிரெஞ்சில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள்: 'தூ', 'வூ'. நண்பனிடம், தம்பியிடம், செல்லப் பிராணியிடம் 'தூ'. தெரியாதவரிடம், மேலதிகாரியிடம், பெரியவரிடம் 'வூ'. ஒருவருக்கு மேற்பட்டோர் என்றாலும் 'வூ'தான். தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர அரை நிமிடம் கூட வேண்டாம். நீ, நீங்கள். முடிந்தது. பன்மையே மரியாதையாகவும் ஆகிற அந்த நுட்பம் உட்பட எல்லாம் நம்மிடம் அப்படியே இருக்கிறது. ஆனால் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துவிட்டு என்னிடம் வந்த ஒரு பையனிடம் வித்தியாசம் கேட்டபோது சொன்னான்: "தூ-ன்னாலும் யூ, வூ-ன்னாலும் யூ மேடம். ஒண்ணு சிங்குலர்." அவன் வீட்டில் அப்பாவை நீங்க என்றும் அம்மாவை நீ என்றும் கூப்பிடுகிறவன். பிரெஞ்சுக்காரனுக்கும் இவனுக்கும் நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

இது இலக்கணக் குறிப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். கம்யூவின் 'அந்நியன்' நாவலில், ரேமோன் தன்னை 'தூ' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டதை மெர்சோ முதலில் கவனிக்கவில்லை என்று ஓர் இடம் வரும். ஒருவன் மெல்ல மெல்ல இன்னொருவனின் வில்லங்கத்துக்குள் இழுக்கப்படுவது அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. ஒரே ஒரு 'யூ' வைத்திருக்கும் ஆங்கிலம் அங்கே திணறித்தான் ஆக வேண்டும். தமிழுக்கு அந்தத் திணறலே கிடையாது. 'நீ என்று பேச ஆரம்பித்துவிட்டான்' என்றால் ஆண்டிப்பட்டியில் இருப்பவருக்கும் முதுகெலும்பில் உறைக்கும். மறுபக்கம், பிரெஞ்சில் 'நூ' என்று ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழில் நாம் என்பதா நாங்கள் என்பதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். பேசுகிறவன் எதிரே இருப்பவனைச் சேர்த்துக்கொள்கிறானா, வெளியே நிறுத்துகிறானா? பிரெஞ்சு எழுத்தாளர் கேட்டுக்கொள்ளத் தேவையில்லாத கேள்வியைத் தமிழ் கேட்க வைக்கிறது. இன்னொரு மொழி படிப்பதன் சுகமே இதுதான். சொந்த மொழியில் நாம் கவனிக்காமல் புழங்கும் ஒன்று திடீரென்று பொருளாகக் கைக்கு வருகிறது. மார்க் பிரெஞ்சில் இந்தச் சுகத்துக்கு மார்க் கிடையாது.

*

இது நம் ஊரின் தனி வியாதி என்றும் சொல்ல மாட்டேன். மொழிக்கல்வியை மார்க் என்கிற ஒரே கயிற்றில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 14 வயதுக்கு மேல் அந்நிய மொழி படிப்பது கட்டாயமில்லை என்று 2004-இல் ஆக்கினார்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் எழுதுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. அந்த இரண்டு பாடங்களிலும் மற்றவற்றைவிடக் கடுமையாக கிரேடு போடப்படுகிறது என்று ஆசிரியர்கள் பல காலமாகக் கத்தி, கடைசியில் 2019-இல் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு தளர்த்துவதற்கு ஒப்புக்கொண்டது. அங்கே மார்க் வராது என்று பிரெஞ்சைவிட்டு ஓடுகிறார்கள். இங்கே மார்க் வரும் என்று பிரெஞ்சை நோக்கி ஓடுகிறார்கள். இரண்டு ஓட்டத்திலும் பிரெஞ்சு யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்போது எனக்கு வரும் பதில்களைச் சொல்லிவிடுகிறேன்.

"தமிழ்ப் பாடம் மட்டும் என்ன வாழுது? நோட்ஸை மனப்பாடம் பண்ணித்தானே எழுதறோம்?" நியாயமான கேள்வி. தமிழ்ப் பாடத்தைத் தண்டனை மாதிரி நடத்துகிற பள்ளிகள்தான் பிள்ளைகளை பிரெஞ்சு வகுப்புக்குத் துரத்துகின்றன. செய்யுளைச் சீர் பிரித்து எழுதவைத்து, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பேசாத வகுப்பிலிருந்து யார்தான் தப்பிக்க நினைக்க மாட்டார்கள்? ஆனால் ஒரு வகுப்பறை வெந்நீராகக் கொதிக்கிறது என்றால் அடுப்பை அணைக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கித் தண்ணீரே இல்லாத தொட்டியில் போடுவது வைத்தியமாகாது.

"வெளிநாடு போறதுக்கு உதவுமே?" உதவாது. எந்தப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகமும் உங்கள் பிளஸ் டூ மார்க்கை மொழித்திறனுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாது. தனியாகத் தேர்வு எழுதச் சொல்லும். உண்மையில் வெளிநாடு போக மொழி படிக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மன் வகுப்புகளுக்குப் போங்கள். ஜெர்மனி 2020 மார்ச்சில் திறன்வாய்ந்த பணியாளர்களுக்கான புதிய குடியேற்றச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024-இல் இந்தியப் பணியாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 வரை உயர்த்தப்போவதாக அறிவித்தது. செவிலியர் அங்கே முழு அங்கீகாரத்தோடு வேலை பார்க்கப் பொதுவாக பி2 வேண்டும். நைட் டூட்டி முடித்துவிட்டு நேரே வகுப்புக்கு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜெர்மன் வேற்றுமை உருபுகளைப் படிக்கிற பெண்களை எனக்குத் தெரியும். விழுப்புரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்கள், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். ஒன்றரை வருடத்தில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று ஜெர்மனில் கேட்டு, பதிலைப் புரிந்துகொள்கிறார்கள். சென்னைப் பள்ளிகளின் ஏசி வகுப்பறைகளில் நடக்காதது இங்கே நடக்கிறது. அவர்களுக்கு மொழி தேவைப்படுகிறது, அவர்களைச் சோதிக்கும் தேர்வு அவர்களைப் பேச வைக்கிறது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

"தமிழ் இருக்கும்போது பிரெஞ்சு எதுக்கு?" இந்தப் பதில் எனக்கு ஆதரவு மாதிரி வரும். வேண்டாம், அந்த ஆதரவு. ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்து, புதுச்சேரியின் பிரெஞ்சு அதிகாரத்துக்குள்ளேயே நடமாடியவர். அவர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியது தமிழில். பாரதி 1908-இல் புதுச்சேரிக்குப் போய் பத்து வருடம் இருந்தார், பிரெஞ்சு படித்தார், பிரெஞ்சு தேசிய கீதத்தைத் தமிழில் கொண்டுவந்தார். எதிர்த்திசையில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழில் காவியம் எழுதினார், அகராதி செய்தார், குறளின் இரண்டு பால்களை லத்தீனுக்குக் கொண்டுபோனார். பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா குரோ பரிபாடலை பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1968-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதை வெளியிட்டது. அவர் பரிபாடலுக்கு எத்தனை மார்க் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. இவர்கள் ஒருவருக்கும் இன்னொரு மொழி தன் மொழிக்குப் பதிலாக வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

*

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களிடம்தான் மீதியைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் நமக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது.

உங்கள் அலமாரியில் இருக்கும் ஐரோப்பிய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை எடுத்து முதல் பக்கங்களைப் பாருங்கள். எத்தனை மூலமொழியிலிருந்து நேரடியாக வந்தவை, எத்தனை ஆங்கிலம் வழியாக? பிரெஞ்சிலிருந்து நேரடியாக என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 'அந்நியன்' தந்த வெ. ஸ்ரீராம். அவரோடு சேர்ந்து 'குட்டி இளவரசன்' மொழிபெயர்த்த புதுச்சேரியின் ச. மதனகல்யாணி. ஸ்ட்ராஸ்பூரில் இருந்துகொண்டு மொழிபெயர்க்கும் நாகரத்தினம் கிருஷ்ணா. இன்னும் சிலர். ஜெர்மனில் காஃப்காவின் 'விசாரணை'யைத் தந்த ஏ. வி. தனுஷ்கோடி மாதிரி மிகச் சிலர். ஒருபக்கம் இந்தச் சின்னப் பட்டியல். இன்னொரு பக்கம் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் பிரெஞ்சுத் தாள் எழுதி வெளியே வருகிற பிள்ளைகள். பல பத்தாண்டுகளாக வந்தவர்களைக் கூட்டினால் ஒரு ஊரே இருக்கும். அந்த ஊரிலிருந்து ஒரு தெரு மொழிபெயர்ப்பாளர்களாவது நமக்கு வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. எப்படி வருவார்கள்? மொழிபெயர்க்க இரண்டு கால் வேண்டும். நம் அமைப்பு பிரெஞ்சு எடுத்த பிள்ளையிடமிருந்து தமிழ்க் காலை வெட்டிவிட்டு, பிரெஞ்சுக் காலைப் பொருத்தாமல் அனுப்புகிறது. தமிழில் நன்றாக எழுதுகிற, வாசிப்பில் வெறிகொண்ட பிள்ளை பெரும்பாலும் பிரெஞ்சு வகுப்பே இல்லாத பள்ளியில் இருக்கிறது. பிரெஞ்சு வகுப்பு இருக்கும் பள்ளியில் தமிழ் தூக்கியெறிய வேண்டிய சுமையாக இருக்கிறது. யாரிடம் மொழி சேர வேண்டுமோ அவர்களிடம் சேராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், நூலகத்தில் கிடைத்த மொழிபெயர்ப்பு நாவலைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிற ஒரு பெண்ணுக்கு அதன் மூலமொழியைத் தொடும் வழியே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

செய்ய முடியாத காரியமும் அல்ல. சோவியத் ரஷ்யாவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவிலிருந்து தமிழில் புத்தகம் அச்சிட்டு அனுப்பின. மலிவு விலையில் வந்த அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த எழுத்தாளர்கள் எத்தனை பேர்! யாரோ ஒரு அரசு வேண்டும் என்று நினைத்தது, நடந்தது. நாம் வேண்டும் என்று நினைக்கவில்லை.

என்ன செய்யலாம்? மும்மொழிச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். கட்டாயம் என்று எதையும் நான் கேட்கவில்லை. தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு என்கிற ஏற்பாட்டை பிளஸ் டூ வரையிலாவது முடித்துவைக்க வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியை எடுப்பது அவர்கள் உரிமை, அதில் கை வைக்க வேண்டாம். பிரெஞ்சு வீட்டுமொழி என்று சொல்ல சென்னையில் எத்தனை குடும்பம் இருக்கும்? பிரெஞ்சோ ஜெர்மனோ ஸ்பானிஷோ விரும்புகிறவர்களுக்குக் கூடுதல் பாடமாக இருக்கட்டும், மாவட்டத்துக்கு ஒரு அரசுப் பள்ளியிலாவது மாலை வகுப்பு இருக்கட்டும். தமிழ் வழியாக பிரெஞ்சு சொல்லித்தரும் ஒரு நல்ல இலக்கணப் புத்தகத்தை எழுதுங்கள். நீ, நீங்கள் தெரிந்த பிள்ளைக்கு 'யூ' வழியாகச் சுற்றிப்போக வேண்டிய அவசியம் கிடையாது. பரீட்சையில் முன்பின் பார்க்காத ஒரு பத்தி வரட்டும், பத்து நிமிடமாவது பேச வைக்கட்டும். கல்லூரியில் மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுக்கிறவர் கடைசி செமஸ்டரில் ஒரு சிறுகதையைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, மொழிக்குள் கைவிட்ட அடையாளம் இருந்தால் போதும். இதெல்லாம் வந்த மறுநாளே பிரெஞ்சு ஸ்கோரிங் சப்ஜெக்டாக இருக்காது. கூட்டம் பாதியாகக் குறையும். குறையட்டும். மிச்சமிருப்பவர்கள் பிரெஞ்சு படிக்க வந்தவர்களாக இருப்பார்கள்.

பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு வாங்கியவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வேலை சொல்கிறேன். 'குட்டி இளவரச'னின் பிரெஞ்சு மூலத்தை எடுங்கள், சின்னப் புத்தகம்தான். பக்கத்தில் தமிழ்ப் புத்தகத்தை வையுங்கள். இரண்டையும் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே போங்கள். மூன்றாவது பக்கம் தாண்ட முடியவில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம், கோபப்படுங்கள். நாலு வருடம் உங்களிடமிருந்து ஃபீஸ் வாங்கியிருக்கிறார்கள். கோபம் கொஞ்சம் அடங்கியதும் நாலாவது பக்கத்தைத் திருப்புங்கள். இந்த முறை மார்க் போட யாரும் இல்லை.